பி.எஃப்.ஏ.வா, பி.எம்.மா, பி.ஏ.வா? மியூசிக்கல் தியேட்டருக்கு விண்ணப்பிக்கும் முன்

"மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் போகிறேன்" என்று அமெரிக்காவில் வளர்கிற நம் வீட்டுப் பிள்ளை சொன்னதும் முதலில் வருவது "வேலை கிடைக்குமா" என்ற கேள்விதான். அந்த வம்புக்கு நான் வரவில்லை. பாட்டும் நடனமும் நடிப்பும் கலந்த இந்த நாடகக் கலையைப் படிப்பது என்று முடிவாகிவிட்டது, பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு வருடம் வீடு எப்படி ஓடப்போகிறது என்பது எந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்தான், ஆனால் தயாராகும் விதமும் செலவும் படிக்கிற நாலு வருடமும் மொத்தமாக மாறிவிடும்.

பி.எஃப்.ஏ.வில் (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாடம் கலைதான். காலையில் பாலே, அப்புறம் குரல் வகுப்பு, மதியம் நடிப்பு, சாயங்காலம் ஒத்திகை. பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் (அமெரிக்காவில் நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் துறை அதுதான், 1914-ல் தொடங்கியது), ஆன் ஆர்பரில் மிச்சிகன், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம்., பாஸ்டன் கன்சர்வேட்டரி எல்லாம் இந்த வகை. ஒரு வகுப்புக்கு இருபது பேர் வாக்கில் எடுப்பார்கள், சில இடங்களில் அதிலும் பாதி. பேர்போன இடங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களோ ஆயிரத்தைத் தாண்டுவார்கள்.

பி.எம். (பேச்சலர் ஆஃப் மியூசிக்) இசைப் பட்டம். நடிப்பும் நடனமும் உண்டு, ஆனால் அடித்தளம் குரலும் இசைக் கோட்பாடும். ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) நட்சத்திரங்களான கிறிஸ்டின் செனோவெத்தும் கெல்லி ஓ'ஹாராவும் அங்கே ஒரே ஆசிரியரிடம் பாட்டு கற்றவர்கள். ஒரு குழப்பத்தை மட்டும் இப்போதே தீர்த்துவிடுகிறேன்: என்.ஒய்.யூ.வில் (நியூயார்க் பல்கலைக்கழகம்) டிஷ் என்ற பிரிவு கொடுப்பது பி.எஃப்.ஏ., ஸ்டைன்ஹார்ட் என்ற பிரிவு கொடுப்பது பி.எம். ஒரே பல்கலைக்கழகம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு படிப்பு, வேறு வேறு ஆடிஷன் (பாடி, நடித்துக் காட்டும் தேர்வு). கர்நாடக சங்கீதம் ஐந்தாறு வருடம் கற்ற பிள்ளைக்கு பி.எம். பக்கம் ஒரு கண் இருக்கட்டும். சுருதியும் தாளமும் காதில் ஏற்கெனவே ஊறியிருக்கும், கோட்டில் எழுதிய மேற்கத்திய நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடப் பழகுவதுதான் பாக்கி.

பி.ஏ.வில் (பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்) கலை மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். மீதி வரலாறோ பொருளாதாரமோ கணினியோ, பிள்ளையின் இஷ்டம். சிகாகோவுக்குப் பக்கத்தில் நார்த்வெஸ்டர்னில் நாடகப் பிரிவில் சேர ஆடிஷனே கிடையாது, மற்ற மாணவர்களைப் போலக் கட்டுரையும் மதிப்பெண்ணும்தான். மியூசிக்கல் தியேட்டர் பக்கம் போவது உள்ளே சேர்ந்த பிறகு. நம்மவர்கள் பி.ஏ. என்றால் இரண்டாம் தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு இது புரிந்ததேயில்லை. 2015-ல் பிராட்வேக்கு வந்த 'ஹாமில்டன்' மியூசிக்கலின் முதல் நடிகர் குழுவையே பாருங்கள். லெஸ்லி ஓடம் ஜூனியரும் ரெனே எலிஸ் கோல்ட்ஸ்பெரியும் கார்னகி மெலன். சரி, ஃபிலிப்பா சூ? ஜூலியார்டில் நடிப்பு படித்தவர், அங்கே மியூசிக்கல் தியேட்டர் பட்டமே இல்லை. டவீத் டிக்ஸ் பிரவுனில் படித்தவர், எழுதி நடித்த லின்-மானுவல் மிராண்டா வெஸ்லியனில் படித்தவர், இரண்டுமே பி.ஏ. கொடுக்கிற இடங்கள். ஜொனதன் கிராஃப் கல்லூரிப் பக்கமே போகவில்லை.

அதற்காக பி.எஃப்.ஏ. வீண் என்று சொல்லவில்லை. தினமும் நடனம், வாராவாரம் தனிக் குரல் வகுப்பு, கடைசி வருடத்தில் நியூயார்க்கில் நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித் தரும் ஏஜென்ட்டுகள் முன்னால் ஷோகேஸ் (திறமையைக் காட்டும் நிகழ்ச்சி), அப்புறம் அதே கல்லூரியில் படித்து முன்னால் போனவர்களின் தொடர்பு, இதெல்லாம் பி.ஏ.வில் இந்த அளவுக்குக் கிடைக்காது. ஆனால் "பி.எஃப்.ஏ.வோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்து டபுள் மேஜர்" என்ற அப்பாக்களின் கனவுக்குப் பெரும்பாலான இடங்களில் கால அட்டவணையே இடம் கொடுக்காது. அது வேண்டுமென்றால் பி.ஏ.தான்.

இனி தயாரிப்பு. ஆடிஷன் இல்லாத பி.ஏ.வுக்குச் சாதாரணக் கல்லூரி விண்ணப்ப வேலைதான். பி.எஃப்.ஏ., பி.எம். இரண்டுக்கும் பெரும்பாலும் முதலில் பிரீஸ்கிரீன் வீடியோ, அதாவது நேரில் அழைக்கும் முன் வடிகட்டுவதற்காக அனுப்பும் பதிவு. பல கல்லூரிகள் பொதுவான ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டிருப்பதால் ஒரே வீடியோவைப் பல இடத்துக்கு அனுப்பலாம். மாறுபட்ட இரண்டு பாட்டின் துண்டுகள், அதில் ஒன்று பெரும்பாலும் 1970-க்கு முந்தையது, மோனோலாக் (ஒரே ஆள் பேசி நடிக்கும் வசனம்), நடனம், அப்புறம் 'வைல்ட் கார்டு', அதாவது பிள்ளைக்குப் பிடித்த எதுவானாலும். கெடு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பள்ளி திறந்துவிட்டால் நேரம் இருக்காது, ஆகஸ்ட்டிலேயே படம் பிடித்துவிடுவது உத்தமம்.

பரதநாட்டியம் கற்ற பிள்ளைகளுக்கு அரைமண்டியில் இடுப்பும் முட்டியும் திறந்து பழகியிருப்பது பாலேயில் உதவும், ஆனால் பாதத்தை நீட்டுவதும் சுழலுவதும் புதுசு. ஒரு வருடமாவது பாலே வகுப்பு போகாமல் 'டான்ஸ் கால்' எனப்படும் நடனத் தேர்வில் நிற்க முடியாது. மாறாக வைல்ட் கார்டில் ஒரு நிமிட ஜதி ஆடட்டும். அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பிராட்வே பாட்டை வைப்பது வாய்ப்பை வீணடிப்பது.

ஆடிஷன் அறையில் இன்னொரு ஆளை மறந்துவிடுகிறோம்: பியானோ வாசிப்பவர். பிள்ளையின் இசைத் தாளை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எங்கே வெட்டித் தாவுகிறது என்று பென்சிலில் தெளிவாகக் குறித்து, பைண்டரில் பக்கம் புரட்ட வசதியாக வைத்துக் கொடுக்க வேண்டும். வேகத்தைச் சொல்ல அவர் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்காமல், இரண்டு வரியை மெதுவாக முணுமுணுத்துக் காட்டினால் போதும். இதை வீட்டில் பத்து தடவை ஒத்திகை பார்க்கலாம், காசு செலவில்லை.

பிரீஸ்கிரீன் தாண்டினால் நேரடி ஆடிஷன், அதிலும் இரண்டு வழி. நேஷனல் யூனிஃபைட்ஸ் என்று நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் பல கல்லூரிகள் ஒரே இடத்துக்கு வரும். ஒரே பயணத்தில் நிறைய முடியும், ஆனால் ஓட்டல் தாழ்வாரத்தில் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தொண்டையைச் சூடேற்றுகிற சத்தத்தில் நல்ல பிள்ளையே பதறிப்போகும். கல்லூரிக்கே போனால் செலவு அதிகம், பதிலுக்கு வகுப்பைப் பார்க்கலாம், அங்கே படிப்பவர்களிடம் பேசலாம். ரொம்பப் பிடித்த இரண்டு இடங்களுக்கு நேரில் போய், மற்றவற்றை யூனிஃபைட்ஸில் முடிப்பதே என் யோசனை. நியூஜெர்சிக்காரர்களுக்கு நியூயார்க் ரயில் தூரம், ஓட்டல் செலவு மிச்சம்.

பணம்? கார்னகி மெலன், என்.ஒய்.யூ. மாதிரித் தனியார் இடங்களில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். சொந்த மாநில அரசுக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. இருந்தால் (நியூஜெர்சியில் மாண்ட்கிளேர் ஸ்டேட் இருக்கிறது) அதைப் பட்டியலின் அடியில் தள்ளாதீர்கள். கோச்சிங் பேக்கேஜ் விற்பவர்கள் நிறையப் பேர். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நல்ல குரல் ஆசிரியரும் பக்கத்து பாலே வகுப்பும் இருந்தால் பேக்கேஜ் இல்லாமலே சமாளிக்கலாம், மோனோலாக்குக்குப் பள்ளி நாடக ஆசிரியரே போதும்.

பட்டியலில் ஆடிஷன் இல்லாத பி.ஏ. இரண்டு மூன்றாவது கட்டாயம் இருக்கட்டும், அதுவும் பிள்ளை சந்தோஷமாகப் போகக்கூடிய இடமாக. எங்கே போய்ப் பார்த்தாலும் முதல் வருட மாணவர்களை மேடையேற்றுவார்களா என்று கேளுங்கள். சில பி.எஃப்.ஏ. இடங்களில் ஆரம்பத்தில் வகுப்பு மட்டும்தான், மேடை பிறகு. மாணவர் நாடகக் குழுக்கள் உள்ள பி.ஏ. கல்லூரியில் முதல் பருவத்திலேயே மேடை ஏறிவிடலாம். கலை, மதிப்பெண் என்று இரண்டு பக்கமும் தேற வேண்டிய கல்லூரிகளும் உண்டு, ஆகவே ஆடிஷன் மாதங்களில் கணக்குப் பாடத்தை விட்டுவிட வேண்டாம். முடிவுகள் மார்ச் கடைசிக்குள் பெரும்பாலும் வந்துவிடும், சேர்கிறோம் என்று சொல்ல வழக்கமான கெடு மே 1.