ரோஸ் ஆயிலும் மஞ்சள் ஆயிலும்: ஊரில் என் சைக்கிள் பிரேக் பட்ட பாடு

ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போன காரியங்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எழுத வேண்டும் என்று மனசில் நிற்பது ஒன்றுதான்: என் மவுண்டன் பைக்கின் முன் பிரேக்.

இந்த முறை சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுபோனேன். எனக்கு மிகவும் பிடித்த சைக்கிள். எடை குறைய வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு பாகமாக மாற்றி வந்தேன். கடைசியாகப் போட்டது ஷிமானோ எக்ஸ்டிஆர் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதாவது கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது. டிஸ்கைக் கவ்வும் காலிப்பருக்கு இரண்டு பிஸ்டன், முன்னும் பின்னும் 160 மில்லிமீட்டர் டிஸ்க். டிஸ்கின் போல்ட்டுகளைக்கூட டைட்டானியத்தில் வாங்கிப் போட்டிருந்தேன்.

ஊரில் இறங்கிப் பெட்டியைப் பிரித்தால் முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரை வந்தது. பெட்டி தலைகீழாகக் கிடந்திருக்கிறது. லிவருக்குள் இருக்கும் சின்ன ஆயில் தொட்டியில் இருந்த காற்று, காலிப்பருக்கு ஆயில் போகும் ஹோஸுக்குள் இறங்கிவிட்டது. இதற்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. சைக்கிளை நேராக நிறுத்தி, லிவரை இருபது முப்பது தடவை மெதுவாக அழுத்தி, ராத்திரி முழுக்க அழுத்திய நிலையிலேயே கட்டி வைத்தால் பெரும்பாலும் காற்று மேலே ஏறிவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் மறுநாளே மலைக்குப் போக வேண்டும் என்ற அவசரம்.

அதனால் புதிதாகத் திறந்திருந்த ஒரு சைக்கிள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பிரேக் கட்டை தேய்ந்தால் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து மாற்றிக்கொண்டு வருவோமே, அந்த ஊரில் இப்படி ஒரு இடமா என்று. "ஏர் எடுத்துட்டா சரியாயிடும் சார், சாயந்திரம் வாங்க" என்றார் அங்கிருந்த இளைஞர். வெளிநாட்டில் இதே வேலைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கொடுப்பார்கள். சாயந்திரம் போனேன், லிவர் கல் மாதிரி இருந்தது. அந்த வேகத்தை வீட்டில் எல்லோரிடமும் புகழ்ந்து பேசினேன்.

நான்காம் நாள் மலையிலிருந்து இறங்கும்போது லிவரை விட்டாலும் அது முழுதாகத் திரும்பி வரவில்லை. இன்னும் இரண்டு வளைவு போனதும் முன் சக்கரம் இழுக்க ஆரம்பித்தது. காலிப்பருக்குள் இருக்கும் பேட், அதாவது பிரேக் கட்டை, டிஸ்கை விட்டு விலகவே இல்லை. நிறுத்தி இறங்கினேன். டிஸ்கில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தேன், சுர்ரென்று ஆவியாகிப் போனது. மீதி இறக்கம் முழுக்க முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிரேக் பிடிக்காமல் போவது ஒரு பயம் என்றால், பிடித்தது விடாமல் போவது இன்னொரு பயம். ஈரமண்ணில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் தலைக்குப்புற விழ வேண்டியதுதான்.

மறுநாள் சித்தப்பா பையன் என்னை ஒரு பழைய பட்டறைக்குக் கூட்டிப்போனான். மோட்டார் சைக்கிள் பிரேக் வேலை செய்கிறவர், ஐம்பது வயது தாண்டியவர். என் சைக்கிளில் இருப்பது போன்ற காலிப்பரை இதற்கு முன் பிரித்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் லிவரைக் கையில் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அதன் மூடியில் இருந்த பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார். "தம்பி, இதுல மினரல் ஆயில் மட்டும்னு போட்டிருக்கே. உள்ள என்ன ஊத்தினாங்க?"

"தெரியலண்ணே."

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காலிப்பரில் ஆயிலை வெளியே எடுப்பதற்கான ப்ளீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, சிரிஞ்சில் இரண்டு சொட்டு இழுத்துத் தண்ணீரில் விட்டார். சொட்டு கீழே இறங்கி, நூல் நூலாகப் பிரிந்து, தண்ணீரோடு கரைந்தே போனது. "மினரல் ஆயிலா இருந்தா மேல மிதக்கணும். இது வண்டிக்கு ஊத்துற டாட் ஃப்ளூயிட்." அவர் விரலில் ஒட்டியிருந்ததும் வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது. ஷிமானோவின் மினரல் ஆயில் ரோஸ் நிறம். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அடக்க முடியவில்லை. லிவரிலேயே எழுதியிருக்கிறது. ஏசி போட்டு, கம்ப்யூட்டர் வைத்து, அந்த ஒரு வரியைப் படிக்க ஆள் வைக்கவில்லையே. வெளிநாட்டுக் கடையில் என்னதான் இழுத்தடித்தாலும், எந்த ஆயில் என்று முதலில் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இரண்டு திரவத்துக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வேறு வேறு. மினரல் ஆயிலுக்கான சீல் டாட் பட்டால் உப்பி, மிருதுவாகி, கெட்டுப்போகும். டாட்டுக்கான சீலில் மினரல் ஆயில் பட்டாலும் அதே கதிதான். பிஸ்டனை உள்ளே இழுத்துக்கொள்வதே அந்தச் சீல்தான். பிஸ்டனைச் சுற்றி இடைவெளி மிகக் குறைவு, சீல் உப்பினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

"கழுவிட்டு ரோஸ் ஆயில் ஊத்திரலாமாண்ணே?" என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "ஊத்தலாம். ஆனா ரப்பர் கெட்டுப்போச்சு. இதை நம்பி மலை இறங்காதீங்க." வேலையை வாங்கிக்கொண்டு காசு பார்க்க நினைக்காமல் அவர் சொன்ன இந்த வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன்.

அப்புறம் அவர் அங்கே இங்கே விசாரித்து ஷிமானோ எம்டி200 முன் பிரேக் ஒன்றை வரவழைத்தார். ஆரம்ப நிலை பிரேக், எடை அதிகம். அதோடு 180 மில்லிமீட்டர் டிஸ்கும், அந்த அளவுக்குக் காலிப்பரைத் தள்ளிப் பொருத்தும் அடாப்டரும். எனக்கு உள்ளுக்குள் வருத்தம். கிராம் கிராமாகக் குறைத்த சைக்கிளில் இப்படி ஒன்றா என்று. ஆனால் அடுத்த இறக்கத்திலேயே தெரிந்துவிட்டது: ஒரு விரல் போதும், சத்தமில்லை, கீழே வரும்வரை லிவர் ஒரே இடத்தில் நின்றது. என் பழைய 160 டிஸ்கில் பாதி இறக்கத்துக்கு மேல் இரண்டு விரல் வேண்டியிருக்கும். அதைக் கை சோர்வு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். 441 கிலோஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் சாலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் டிஸ்கில் சூடாக இறங்கும். மொத்தத்தையும் தண்ணீரில் செலுத்தினால் ஒன்றரை லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைத்துவிடலாம். இந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அந்த மெல்லிய இரும்புத் தட்டுதான். அதில் எடையைக் குறைக்க நினைத்ததுதான் என் தவறு. டிஸ்கை 160-லிருந்து 180 ஆக்கினால் கூடுவது சில பத்து கிராம். கிடைப்பதோ கூடுதல் பிடியும் சீக்கிரம் ஆறும் தன்மையும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு என்பதால் முன்னால் 180, பின்னால் 160 என்று வைத்தாலே போதும். கனமான ஆளாக இருந்தாலோ நீண்ட இறக்கமாக இருந்தாலோ முன்னால் 203 கூடத் தயங்காமல் போடலாம்.

எடையைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன: லிவர், அதன் கிளாம்ப், தேவைக்கு மேல் நீண்டு தொங்கும் ஹோஸ். பேடைத் தேர்ந்தெடுக்கும்போது எடையைப் பார்க்கவே கூடாது. பிசின் கலந்து செய்த ரெசின் பேட் சத்தமில்லாமல் உடனே பிடிக்கும், ஆனால் அதிகச் சூட்டில் வழுக்கும், சேற்றில் சீக்கிரம் தேயும். உலோகப் பொடியை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் அதற்கென்று செய்த டிஸ்க் வேண்டும். எம்டி200-க்கு ரெசின்தான். புதுப் பேட் போட்டதும் சக்கரம் முழுதாக நிற்காமல் இருபது தடவை வேகத்தைக் குறைத்துப் பழக்கிக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் சொல்லாமலே அதைச் செய்துவிட்டுத்தான் சைக்கிளைக் கொடுத்தார்.

லேசான பிரேக் வாங்குகிறவர்கள் கிராமுக்கு முன்னால் ஆயிலைப் பாருங்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ கம்பெனி பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப் டாட். ஸ்ராமில் பெரும்பாலானவை டாட், டிபி8, மேவன் போன்ற மாடல்கள் மட்டும் மினரல். டாட் 4, மோட்டார் சைக்கிள் வேலை நடக்கும் இடத்தில் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஈரத்தை இழுக்கும், பெயின்ட்டை அரிக்கும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது. ஆனால் எப்படியாவது உள்ளே போன தண்ணீர் அடியில், காலிப்பருக்குள்ளேயே, தேங்கி நிற்கும். சைக்கிள் எந்த ஊர்களுக்குப் போகுமோ அங்கே எந்த ஆயில் கிடைக்கும், எந்த பேட் கிடைக்கும் என்று இனி முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

திரும்பும் நாளுக்கு முன் பட்டறைக்காரரே பெட்டி கட்ட வந்தார். சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகினார். இல்லாவிட்டால் லிவர் தெரியாமல் அழுந்தினாலே பிஸ்டன் வெளியே வந்துவிடும். பழைய ட்யூபிலிருந்து மோதிரம் மாதிரி இரண்டு துண்டு வெட்டி, "இறங்கினதும் ஒரு ராத்திரி லிவர்ல மாட்டி வச்சிருங்க தம்பி" என்று கையில் கொடுத்தார். கடைசியாக வெள்ளை டேப் ஒன்றை லிவருக்குப் பக்கத்தில் ஹேண்டில்பாரில் சுற்றி, மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதினார்: மினரல் ஆயில் மட்டும். இங்கே வந்து எக்ஸ்டிஆருக்குப் புது லிவரும் காலிப்பரும் ஆர்டர் செய்துவிட்டேன், 180 டிஸ்க் அப்படியே இருக்கும். டேப்பை எடுக்கவில்லை.