லோதி தோட்டம்: செருப்பு மட்டும் தப்பு

தில்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நவம்பர் காலையில் ஜோர் பாக் மெட்ரோவில் இறங்கி நடந்தே லோதி தோட்டத்துக்குப் போனேன். கட்டணம் கிடையாது. சுமார் 90 ஏக்கர். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ரப்பர் செருப்போடு போனது என் புத்தி. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, குதிகாலில் கொப்புளம்.

சையித் வம்ச சுல்தான் முகம்மது ஷாவின் எண்கோணக் கல்லறையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்கள் கைவீசி நடக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை! எனக்குப் பிடித்தது ஷீஷ் கும்பத் என்ற இன்னொரு கல்லறைக் கட்டடம். நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் நீல ஓடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருப்பது கொஞ்சம்தான், ஆனால் காலை வெயில் பட்டால் போதும். கல் பொந்துகளில் பச்சைக்கிளிகள் குடித்தனம்.

இங்கே கைர்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. ஊராரை வெளியேற்றிவிட்டுத்தான் 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். பெயர் மாறியது 1947இல். அதை நினைத்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்தபோது கொஞ்சம் உறுத்தியது.

அட்புலாவைத் தவறவிடாதீர்கள். எட்டுத் தூண் என்றுதான் பெயருக்கே பொருள். அக்பர் காலத்துப் பாலம். அங்கே வாத்துகளைப் பார்த்தபடி மகள் கட்டித் தந்த இட்லியைச் சாப்பிட்டேன். அப்புறம் சிக்கந்தர் லோதி கல்லறை. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, எட்டிப் பார்த்ததோடு சரி.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் கழித்தது செருப்புக்காக.