சண்டை போட்டால் 5 நிமிடம்: ஐஸ் ஹாக்கி காமெடிகளில் எதை முதலில் பார்க்கலாம்?

ஐஸ் ஹாக்கியின் விதிப்புத்தகமே பாதி காமெடி. மட்டையால் எதிராளியின் காலை வாரிவிட்டவரை ஓரத்தில் இருக்கும் பெனால்டி பாக்ஸில் 2 நிமிடம் உட்கார வைத்துவிடுவார்கள். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். எதிரணி அதற்குள் கோல் போட்டுவிட்டால் தண்டனை அங்கேயே முடியும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் 5 நிமிடம். இதில் கோல் விழுந்தாலும் சலுகை கிடையாது. இருவரும் சேர்ந்து மோதியிருந்தால் இருவருமே உள்ளே போவார்கள், களத்தில் ஆள் கணக்கு மாறாது. மற்ற விளையாட்டுகளில் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பும் குற்றத்துக்கு, வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் வழக்கமான தண்டனை இவ்வளவுதான். முன்பல் போன முரட்டு ஆள், முட்டி போட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சிரிப்புக்குத் தனியாக ஒரு காட்சி எழுதவே வேண்டாம்.

இதை முழுசாகப் பயன்படுத்திய படம் 1977-இல் வந்த 'ஸ்லாப் ஷாட்'. இயக்கம் ஜார்ஜ் ராய் ஹில். படம் தொடங்குவதே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில்தான். பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் ஒரு கோல்கீப்பர், எதெது தவறு என்று மட்டையை வைத்துச் செய்தே காட்டுகிறார். பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்தால் வெட்கமாக இருக்கும், பிறகு விடுதலை என்கிறார். ஆட்டம் தெரியாதவருக்குப் பாடமும் முடிந்தது, சிரிப்பும் வந்தது.

கதை நடப்பது எஃகு ஆலை மூடப்போகும் ஊரில். ஆலை போனால் அணியும் போகும். பால் நியூமன் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வருகிறார். அணியை யாரோ வாங்கப்போவதாகப் புரளியைக் கிளப்பிவிட்டு, அடிதடியால் கூட்டம் சேர்க்கிறார். அந்த அடிதடிக்கு வந்து சேர்பவர்கள் ஹான்சன் சகோதரர்கள் மூவர். தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி, பெட்டி நிறைய பொம்மைகள், கையுறைக்குள் விரல் முட்டியில் சுற்றிய அலுமினியத் தாள். மூவருமே நிஜ ஆட்டக்காரர்கள் என்பதால் பனியில் அவர்கள் உடம்பு பொய் சொல்லவில்லை. திரைக்கதை எழுதிய நான்சி டவுடின் தம்பி, படம் எடுக்கப்பட்ட ஜான்ஸ்டவுன் நகர அணியில் ஆடியவர். உடைமாற்றும் அறைப் பேச்சு அவ்வளவு உயிரோடு இருப்பது அதனால்தான்.

படத்தின் உச்சம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. வார்ம்-அப்பில் இரு அணிகளும் கட்டிப் புரள்கின்றன. அடுத்த ஷாட்டில் எல்லோரும் ரத்தம் வழியும் முகத்தோடு தேசிய கீதத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். சண்டையின் முடிவைக் காட்டாமல் வெட்டியதுதான் இங்கே நகைச்சுவை.

குறைகளும் உண்டு. நடுவில் வரும் கணவன்-மனைவிக் கிளைக்கதை இழுக்கிறது. வசைச்சொற்கள் ஏராளம், தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவாகப் பேசும் வசனங்கள் இன்று நெருடும். குழந்தைகளோடு பார்க்கவே கூடாது.

குழந்தைகளுக்கு 1992-இல் வந்த 'தி மைட்டி டக்ஸ்'. குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சிக்கிய வழக்கறிஞர், தண்டனையாகச் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். போக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதில் வரும் 'வி' வடிவ வியூகத்தை நிஜத்தில் நம்ப வேண்டாம். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு நீலக் கோடு இருக்கும். பக் எனப்படும் ரப்பர் வட்டு அதைத் தாண்டும் முன் தாக்கும் அணியில் யாரும் தாண்டக் கூடாது. வி-யின் முனையில் இருப்பவர் பின்னால் தட்டிவிட்டு அப்படியே போனால் ஆஃப்சைடு. (டிஸ்னி அடுத்த ஆண்டே அதே பெயரில் நிஜ என்எச்எல் அணி ஒன்றைத் தொடங்கியது. காமெடிப் படத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமையாது.)

சண்டைக்காரரின் மனசைப் பார்க்க 2011-இல் வந்த 'கூன்' (Goon). சறுக்கவே சரியாகத் தெரியாத, அடிக்க மட்டுமே தெரிந்த நல்லவனாக ஷான் வில்லியம் ஸ்காட். கேட்டுச் சம்மதித்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மோதும் எழுதாத மரியாதை இதில் துல்லியம். ரத்தம் மட்டும் காமெடிக்குத் தேவையானதைவிட அதிகம்.

பார்ப்பதில் வழக்கமாக நேரும் பிழை, கைபேசியில் பார்ப்பது. பக்கின் விட்டம் 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம். சின்னத் திரையில் தொலைந்துவிடும். பெரிய திரையிலும் பக்கைத் துரத்தாமல் ஆட்டக்காரர்களின் தலை திரும்பும் பக்கம் பாருங்கள். டப்பிங்கைவிட மூல ஒலியும் சப்டைட்டிலும் நல்லது; 'ஸ்லாப் ஷாட்' கோல்கீப்பரின் உச்சரிப்பு போனால் முதல் காட்சியே போச்சு. அந்தக் காட்சியில் அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஆட்டத்தின் வெற்றியைத் தீர்மானிப்பது ரெஃப்ரி, கோல் அல்ல.