எச் ஃபைலா, சிபிபி ஃபைலா: கிளாஸை எங்கே வைப்பது?

குலசேகரம் பக்கம் ரப்பர் வாங்கும் ஒரு கடைக்குச் சின்னதாக ஒரு சி++ நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்திலிருந்து கேனில் ரப்பர் பால் வரும். எடை போட்டு, டி.ஆர்.சி. (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்ற அளவு) பார்த்து, உலர் ரப்பர் கணக்குக்குத்தான் காசு. 20 கிலோ பால், டி.ஆர்.சி. 35 சதவீதம் என்றால் 7 கிலோ. இதற்குப் ‘பால்வரவு’ என்று ஒரு கிளாஸ், அதாவது தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொட்டலம். கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க ஜிசிசி கம்பைலரில் 10-ஆம் பதிப்பு முதல் வழி உண்டு. வைத்தும் பார்த்தேன், கீபோர்டை மாற்றி மாற்றிச் சலித்ததுதான் மிச்சம்.

முதல் வழி, எல்லாவற்றையும் ஹெடரிலேயே, அதாவது மற்ற ஃபைல்கள் இன்க்ளூட் செய்துகொள்ளும் எச் ஃபைலிலேயே, எழுதிவிடுவது. ஒரே ஃபைல், தேட வேண்டாம், இன்னொரு வேலைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். கிளாஸின் அடைப்புக்குள்ளேயே ஃபங்ஷனை முழுதாக எழுதினால் அது தானாகவே இன்லைன் ஆகிவிடும், அதாவது பல ஃபைலில் அதே நகல் இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும். பத்து சிபிபி ஃபைலில் இன்க்ளூட் செய்தாலும் சண்டை வராது. வம்பு எங்கே வருகிறது என்றால், கிளாஸ் நீளமாகிவிட்டதே என்று ஃபங்ஷனை அடைப்புக்கு வெளியே, ஆனால் அதே ஹெடரில், இறக்கி வைக்கும்போது.

போன வாரம் நாகர்கோவிலில் படிக்கும் தம்பி ஒருவன் இதற்காகத்தான் போன் செய்தான். “அண்ணே, கம்பைல் ஆகுது, லிங்க் ஆக மாட்டேங்கு. மல்ட்டிபிள் டெஃபினிஷன்னு சொல்லுது. ப்ராக்மா ஒன்ஸ் போட்டிருக்கேனே!”

போட்டிருந்தான்தான். ஒரே ஹெடர் இரண்டு முறை உள்ளே வராமல் தடுக்கும் வரி அது. ஆனால் அந்தக் காவல் ஒரு சிபிபி ஃபைலுக்குள் மட்டும்தான். இன்க்ளூட் என்பது வெறும் நகல் எடுத்து ஒட்டும் வேலை. ஒவ்வொரு சிபிபியும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறது, ஒவ்வொன்றிலும் அந்த ஃபங்ஷனின் நகல் ஒன்று இருக்கிறது. கடைசியில் அவற்றை ஒன்று சேர்க்கும் லிங்கர் வந்து, ஒரே பெயரில் இரண்டு பேர் நிற்கிறார்களே என்று கையை விரிக்கிறது. முன்னால் இன்லைன் என்று ஒரு சொல் சேர்த்தால் சரி. அல்லது இரண்டாவது வழிக்குப் போக வேண்டும்.

அந்த இரண்டாவது வழியில் அறிவிப்பு ஹெடரில், உடல் சிபிபியில். எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் அந்தக் கடைக்காரர். கிராம் கணக்கை எங்கே முழுசாக்குவது என்று மாசத்துக்கு ஒரு யோசனை சொல்வார். அந்தக் கணக்கு சிபிபியில் இருப்பதால் அந்த ஒரு ஃபைல் மட்டும் மறுபடி கம்பைல் ஆகும், அப்புறம் லிங்க், அவ்வளவுதான். ஹெடரில் இருந்திருந்தால் அதை இன்க்ளூட் செய்த பில், இருப்பு, அறிக்கை எல்லாமே முதலிலிருந்து.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு ஃபங்ஷனின் அளவுருவை மாற்றினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் கான்ஸ்ட் விட்டுப்போனால் கம்பைலர் திட்டும். பிரைவேட் உறுப்புகள் ஹெடரில்தான் கிடக்கின்றன என்பதால், அதில் ஒன்றைக் கூட்டினாலும் எல்லாரும் மறுபடி கம்பைல் ஆக வேண்டியதுதான். அதையும் மறைக்கப் பிம்பிள் என்று ஒரு உத்தி உண்டு. ஒரு பாயின்டரை மட்டும் ஹெடரில் வைத்து மிச்சத்தைச் சிபிபிக்குள் தள்ளுவது. நூலகம் எழுதி ஊருக்கெல்லாம் கொடுப்பவர்களுக்குச் சரி, ஒரு கடைக் கணக்குக்கு அது அதிகம்.

ஒரு பழக்கம் மட்டும் விடாதீர்கள்: சிபிபியில் முதல் வரியாக அதன் சொந்த ஹெடரையே இன்க்ளூட் செய்யுங்கள். ஹெடரில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நூலகப் பெயர்களை எஸ்டிடி என்ற முன்னொட்டு இல்லாமலே எழுத விடும் ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ வரி ஹெடருக்குள் வேண்டவே வேண்டாம்.

டெம்ப்ளேட் (எந்த டைப்புக்கும் பொருந்தும் அச்சு) என்றால் பேச்சே இல்லை, பொதுவாக ஹெடர்தான். எந்த டைப்புக்கு என்று தெரிந்த பிறகே கம்பைலர் அதை உருவாக்குகிறது. அப்போது உடல் கண்முன்னே இருக்க வேண்டும்.

சி++20 கொண்டுவந்த மாட்யூல் மூன்றாவது வழி. நகல் ஒட்டும் வேலை கிடையாது, மேக்ரோவும் (டிஃபைன் செய்த பெயர்கள்) வெளியே கசியாது. நிரலைக் கட்டும் கருவியான சிமேக், 3.28 பதிப்பிலிருந்து இதை முறைப்படி ஆதரிக்கிறது. ஆனால் அந்தக் கடைக் கணினியில் இருக்கும் பழைய கம்பைலரை நம்பி அதில் இறங்க எனக்கு மனசில்லை.

இப்போதைக்குப் பால்வரவு ஹெடரில் அறிவிப்பும், எடையைத் திருப்பித் தரும் ஒற்றை வரி ஃபங்ஷன்களும். முழுசாக்கும் கணக்கு சிபிபியில், கடைக்காரரின் அடுத்த போனுக்குக் காத்திருக்கிறது.