சிக்கிள் செல்: கரைதிறன் சோதனையா, எச்பிஎல்சியா?

நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை ரத்தக் குறைபாடு) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் பதிவு செய்தார்கள். இன்று கூடலூர், பந்தலூர் பக்கம் அதைக் கண்டறிய இரண்டு வழிகள்.

கரைதிறன் சோதனை மலிவு, பாடியிலேயே (பழங்குடிக் குடியிருப்பிலேயே) செய்யலாம். டைதயோனைட் என்ற வேதிப்பொருள் கலந்த 2 மில்லி கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, 5 நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடியுங்கள். கோடு மறைந்தால் ஹீமோகுளோபின் எஸ் (சிக்கிள் செல்லுக்குக் காரணமான வகை) இருக்கிறது. ஆனால் மழைக்கால ஈரம் பட்டால் டைதயோனைட் கெட்டுவிடும். அதனால் தினமும் தெரிந்த பாசிட்டிவ் ரத்தத்தோடு சேர்த்தே பாருங்கள். கடும் ரத்தசோகை இருந்தால் குழாயில் விடும் ரத்தத்தின் அளவை இருமடங்காக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 'இல்லை' என்று வந்தால் நம்பாதீர்கள்.

பெரிய குறை, கேரியரையும் (எஸ் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்) நோயாளியையும் இது பிரிக்காது. வெறும் 'பாசிட்டிவ்' சீட்டோடு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) பிரித்துக் காட்டும்: கேரியரிடம் எஸ்ஸைவிட சாதாரண ஹீமோகுளோபினான ஏ அதிகம், ரத்தம் ஏற்றாத எஸ்எஸ் (இரு பெற்றோரிடமிருந்தும் எஸ் பெற்ற) நோயாளியிடம் ஏ இருக்காது. இடிடிஏ (ரத்தம் கட்டாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த ரத்தத்தை 2–8 டிகிரி செல்சியஸில் வைத்து, ஐஸாக உறையவிடாமல் அனுப்புங்கள். ரத்தம் ஏற்றி மூன்று மாதம் ஆகாவிட்டால் இந்த அளவுகளும் குழப்பும்.