குளோரோபிளாஸ்ட், குரோமோபிளாஸ்ட், லியூக்கோபிளாஸ்ட்: ஒத்தப் பனைமரத்தை வச்சே பார்த்துருவோம்

செடியோட செல்லுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிட்ங்கிற குட்டி உறுப்பு மூணு வகைன்னு ஸ்கூல் புக்ல ஒரு டேபிள் வரும், பச்சைன்னா குளோரோபிளாஸ்ட், மஞ்ச செவப்புன்னா குரோமோபிளாஸ்ட், நெறமே இல்லைன்னா லியூக்கோபிளாஸ்ட், மார்க் வாங்க அம்புட்டு போதும். ஆனா நெறத்தை மட்டும் வச்சுப் பிரிச்சா பாதி விஷயம் கோணலாத்தான் புரியும், அதுதான் என் கட்சி. ராமநாதபுரம் மாவட்டத்துல சாயல்குடிப் பக்கம் நிக்கிற ஒரு பனையை எடுத்துக்கங்க, ஓலை பச்சை, பழம் ஆரஞ்சு, அதோட கொட்டை முளைச்சு வர்ற கிழங்கு வெள்ளை, மூணு வகையும் ஒரு பனையை வச்சே பார்த்துரலாம், அதுலயும் மூணுக்குள்ளயும் இருக்கிறது ஒரே பிளாஸ்டிட் டிஎன்ஏதான்.

ஓலையில இருக்கிற குளோரோபிளாஸ்டுக்கு அறிமுகமே வேணாம். வெளிய ரெண்டு சவ்வு, உள்ள குளோரோபில் இருக்கிற தைலகாய்டுங்கிற சவ்வு அடுக்கு, வெயிலைப் பிடிச்சு கார்பன் டை ஆக்சைடை சர்க்கரையாக்குற வேலை. ஒரு காலத்துல தனியா திரிஞ்ச சயனோபாக்டீரியாங்கிற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவோட வாரிசுங்கிறதால புரதம் செய்ற ரைபோசோமும் சொந்தமா வச்சிருக்கு.

பழத்துக்கு வருவோம். பனம்பழத்தை விட நம்ம முண்டு மிளகா இதுக்கு நல்ல உதாரணம் (2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதேதான்). காய் பச்சையா இருக்கிறப்ப உள்ள குளோரோபிளாஸ்ட், பழுக்கப் பழுக்க தைலகாய்டெல்லாம் கலைஞ்சு குளோரோபில் போயி கேப்சாந்தின் மாதிரி கரோட்டினாய்டு நெறமி சேர்ந்து அதே பிளாஸ்டிட் குரோமோபிளாஸ்டா மாறிருது, அதாவது பழசு செத்து புதுசு வர்றதில்ல, இருக்கிறதே உருமாறுது. இதுல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், செவப்பு ஏற ஏற காரமும் அதுல இருந்துதான் வருதுன்னு. இல்லைங்க, காரம் விதை ஒட்டிக்கிட்டு இருக்கிற அந்த நடுத்தண்டுப் பகுதில உருவாகுற கேப்சாய்சின், செவப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இன்னொன்னு, கலரா இருக்கிறதெல்லாம் குரோமோபிளாஸ்டும் கிடையாது, கடற்கரை மணல்ல படர்ற அடப்பங்கொடிப் பூவோட ஊதா நெறம் செல்லுக்குள்ள இருக்கிற வேக்குவோல்ங்கிற தண்ணிப் பையில கரைஞ்சிருக்கிற ஆந்தோசயனின் நெறமி, கத்தரிக்காயும் அப்படித்தான்.

இப்ப கிழங்கு. பனங்கிழங்கு மாவா இருக்கக் காரணம் அமைலோபிளாஸ்ட், லியூக்கோபிளாஸ்ட்ல ஒரு பிரிவு, சர்க்கரையை ஸ்டார்ச் மணியாக்கி உள்ள அடைச்சு வச்சுக்கும். கிழங்கைப் பிளந்தா நடுவுல ஒரு வெளிறின குருத்து வருமே, மண்ணுக்குள்ள இருட்டுல வளர்ற அந்த மாதிரி இலைல இருக்கிறது இட்டியோபிளாஸ்ட், வெளிச்சம் பட்டா குளோரோபிளாஸ்டா மாறத் தயாரா நிக்கும், டேபிள்ல இதுக்கு எடமே இல்ல. அதோட வேர் நுனியில இருக்கிற அமைலோபிளாஸ்ட் ஸ்டார்ச் கனத்துல செல்லோட அடிப்பக்கம் போய் உக்காந்துக்கும், வேருக்கு கீழ எதுன்னு தெரியுறது அதை வச்சுத்தான். வெளிச்சத்தைப் பிடிக்கிறவனுக்கு மட்டும் மாலை போடுறது ஞாயமா சொல்லுங்க.

எண்ணெய்க்கு எலையோபிளாஸ்ட், புரதத்துக்கு புரோட்டினோபிளாஸ்ட்னும் படிச்சிருப்பீங்க. ஆனா தங்கச்சிமடம் தேங்காய்ல இருக்கிற எண்ணெய் எலையோபிளாஸ்ட்ல சேர்றதில்ல, கொழுப்பு அமிலம் பிளாஸ்டிட்ல உருவாகி வெளிய போயி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ங்கிற சவ்வு வலையில எண்ணெயாகி தனித் துளியாத்தான் தங்குது.

கரையை விட்டு தண்ணிக்குள்ள இறங்குனா டேபிள் சுத்தமா உதவாது. பாம்பன் பக்கம் பொம்பளைங்க முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி செவப்புப் பாசி வகை, அதோட பிளாஸ்டிட்ல குளோரோபில்லோட ஃபைகோஎரித்ரின்னு ஒரு செவப்பு நெறமி இருக்கு, ஆழத்துல கிடைக்கிற பச்சை வெளிச்சத்தை அது பிடிச்சுத் தரும். பார்க்க செவப்பு, ஆனா செய்றது ஒளிச்சேர்க்கை, அப்ப மிளகாயோட சேர்க்கவா ஓலையோட சேர்க்கவா? ஓலையோடதான். ஆனா ஒரு வித்தியாசம், பனை ஸ்டார்ச்சை பிளாஸ்டிட்டுக்குள்ள வைக்கும், இந்தப் பாசி பிளாஸ்டிட்டுக்கு வெளிய சைட்டோபிளாசம்ங்கிற செல் கூழ்ல வைக்கும். கட்டக்கோரைங்கிற பழுப்புப் பாசி இன்னும் வில்லங்கம், பிளாஸ்டிட்டைச் சுத்தி நாலு சவ்வு, ஏன்னா அதோட மூதாதை ஒரு செவப்புப் பாசியையே முழுசா உள்ள இழுத்துக்கிச்சு. ஆவுளியா (கடல்பசு) மேயுற கடல்புல் மட்டும் பூக்கிற செடிங்கிறதால அதுக்கு நம்ம ஓலை மாதிரியே குளோரோபிளாஸ்ட், ஆனா பெரும்பாலும் மேல்தோல்லயே இருக்கும்.

நெறமில்லாதது சும்மா குடோன்தானேன்னு கேட்டா, மலேரியா கிருமிக்குள்ள ஏபிகோபிளாஸ்ட்னு ஒரு பிளாஸ்டிட் இருக்கு, பச்சையும் கிடையாது ஒளிச்சேர்க்கையும் கிடையாது, ஆனா அது இல்லாம கிருமி பிழைக்காது. மலேரியாவுக்குக் குடுக்குற டாக்ஸிசைக்ளின் அடிக்கிறதே அதோட ரைபோசோமைத்தான்.