குதிரைக்கு சவுக்கு வேலி: ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு மரவாடி

குதிரை வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு முள்கம்பி வேலி போடாதீங்க. மாடு முள்ளு குத்துனா பின்னால நகந்துடும், குதிரை மிரண்டுச்சுன்னா கண்ணு மண்ணு தெரியாம பாயும், கம்பியில கால் மாட்டிக்கிட்டு இழுத்தா தோலே கிழிஞ்சு தொங்கும்.

ஜிஐ பைப்புக்கு கொட்டேஷன் வாங்கிப் பாத்தேன், கட்டுப்படியாகல. நம்ம ஊரு கடலோரம் பூரா சவுக்குத் தோப்பா இருக்கறப்ப இரும்பு எதுக்குன்னு கடலூர்-பாண்டி ரோட்டுல ரெட்டிச்சாவடி பக்கம் இருக்கற ஒரு மரவாடிக்குப் போனேன். அங்க ரொம்ப புடிச்சது என்னன்னா கட்டைய நாமளே பொறுக்கி எடுத்துக்கலாம், கோணல்மாணலா இருக்கறத நம்ம தலையில கட்ட மாட்டாங்க. பட்டை உரிக்க தனி கூலிதான், ஆனா உரிச்சே வாங்குங்க, பூச்சி அதுக்குள்ளதான் குடியிருக்கும். மண்ணுக்குள்ள போற ரெண்டரை அடியையும் தீயில வாட்டித் தர்றாங்க, அங்க இருக்கற பெரியவர் கட்டைய உருட்டி உருட்டி, சுத்திவர கறுப்பு ஒரே மாதிரி ஏறுற வரைக்கும் கீழ வைக்கவே மாட்டேங்கறாரு. கழிவு ஆயில் பூசவான்னு கேட்டாங்க, வேணாம்னுட்டேன், குதிரை மரத்தக் கடிக்கும், எல்லாம் வயித்துக்குத்தான் போகும்.

வேலி கட்ட ஆளும் அவங்களே அனுப்புறாங்க, இங்கதான் ஒரு குறை. குறுக்குக் கட்டைய வேலிக்கால்களுக்கு வெளிப்பக்கமா அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. குதிரை சாஞ்சு ஒடம்பத் தேய்க்கும், வெளிய அடிச்சா ஆணியோட பிடுங்கிட்டு வந்துடும், உள்பக்கம் அடிச்சாத்தான் அந்த பாரம் கால்மேல இறங்கும். சொன்னதும் மாத்திட்டாங்க, ஆனா குதிரைக்குன்னு சொல்லித்தான கூப்ட்டோம், இது அவங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

எட்டடிக்கு ஒரு கால், அஞ்சடி உயரம், மூணு வரிசை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரையக் கடந்தப்ப மண்ணு ஊறி ரெண்டு கால் சாஞ்சுது, குறுக்குக் கட்டை ஒண்ணுகூட கழலல. ஆனா சவுக்கு மண்ணுக்குள்ள ரொம்ப வருஷம் தாங்காது, கரையான் விடாது, கையில காசு இருந்தா காலுக்கு கருங்கல் தூண் நட்டு குறுக்குக்கு மட்டும் சவுக்கு போடுங்க.

அப்புறம் வேலியோரம் அழகுக்குன்னு அரளி வைக்கவே வைக்காதீங்க, கொஞ்சம் இலை தின்னாலும் குதிரை உயிருக்கே ஆபத்து.

மரவாடிக்குப் போறவங்க முன்னாடியே போன் பண்ணி பட்டை உரிச்சு காயவைக்கச் சொல்லிடுங்க, பச்சைக் கட்டைய ஏத்திட்டு வந்தா காயக் காய ஆணி எல்லாம் லூசாயிடும்.